கோவிந்தன் கட்டிய சாய்தளம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் அல்சூரில், நின்றபடியே சாப்பிடும் தர்ஷினி ஒன்றில் நாலு வருஷம் காபி குடித்தேன். வாசலில் மூன்று படி இருப்பது ஒரு நாள்கூட என் கண்ணில் படவில்லை. அந்த வெட்கத்தில் எழுதுகிறேன்.

முதல் ஆரம்பம்: "1999இல், சக்கர நாற்காலியே கதியென்று வாழ்ந்த நிருபமா, பாவம்..."

(அடித்துவிட்டேன். அவள் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்ப்பவள். பாவம் என்றால் பேனாவைப் பிடுங்கிக்கொள்வாள்.)

2

அவள் தலை தெரிந்ததும் தர்ஷினி முதலாளி கோவிந்தன் தானே இட்லியும் காபியும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி வருவார். சட்னி கூடவே இருக்கும். ஆறு வருஷமாக இப்படித்தான். நிருபமாவுக்கு அவர்மேல் பிரியம் உண்டு. ஆனால் ஒரு நாளாவது தானே உள்ளே போய், நாலு பேரோடு காபி குடிக்க வேண்டும். நாற்காலி ஏற ஒரு சாய்தளம் வேண்டுமென்று இரண்டு தடவை கேட்டாள், சிரித்தார். பிறகு தொண்ணூற்றைந்தாம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தைச் சொல்லி, அதற்கான ஆணையருக்குப் புகார் எழுதினாள்.

"நான் என்னம்மா குறை வெச்சேன்? கம்ப்ளைன்ட் வரைக்கும் போயிட்டீங்களே!"

"காபியில குறையே இல்லண்ணா. படியிலதான்."

(அந்தச் சட்டத்தில் 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்று ஒரு வால் உண்டு. ஊரிலுள்ள படிகளையெல்லாம் காப்பாற்றுவது அந்த வால்தான்.)

3

விசாரணைக்கு முந்தின நாள் காலை கோவிந்தன் ஆளனுப்பி அவளை வரவழைத்தார். படிமேல் புது சிமெண்ட் சாய்தளம். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். பார்த்ததுமே அவளுக்குப் புரிந்தது: வீட்டுக்குள் ஸ்கூட்டர் ஏற்றக் கட்டுவார்களே, அதே செங்குத்து. மேஸ்திரிக்குத் தெரிந்த சாய்தளம் அது ஒன்றுதான். ஏறினால் நாற்காலி மல்லாந்துவிடும்.

"நான் தள்றேன், வாங்கம்மா."

"அண்ணா, இது..."

(இந்த வாக்கியத்தை ஏழு தடவை எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. அப்போதுதான் அவள் உள்ளே பார்த்தாள்.)

நெஞ்சுயர மேஜைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் கால் அறுபட்டு, அவள் உயரத்துக்கு நின்றது. அளவு கச்சிதம். ஆறு வருஷம் குனிந்து காபி நீட்டியவருக்கு டேப் எதற்கு?

4

புகாரை வாபஸ் வாங்கும் கடிதம் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. ஒரு முடிவில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் தள்ள, கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறாள். இன்னொன்றில், "இடிச்சுட்டு நீளமாக் கட்டுங்கண்ணா. மேஜை மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்கிறாள். நியாயம் இரண்டாவதுதான். அதைக் கேட்கும் கோவிந்தனின் முகத்தை எழுத எனக்குத் தைரியமில்லை.

நீங்கள் எழுதுங்கள். படிக்கு மேலே நின்று மட்டும் எழுதாதீர்கள். நாலு வருஷம் நான் நின்ற இடம் அது. அங்கிருந்து எதுவும் தெரியாது.