வேலிகாத்தானில் அடித்த ஆணி

இந்தக் காலத்தில் எவனும் மரத்தைப் பார்த்து வெட்டுவதில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வருகிறது என்று எழுபத்து நாலில் எங்கள் ஊர்ப் புறம்போக்கைச் சுத்தம் செய்தபோதும் அப்படித்தான். அங்கே இருந்ததெல்லாம் வேலிகாத்தான் முள்மரம். உப்புத்தரையில் வேறெது முளைக்கும்? வேலிக்கும் அதுதான், அடுப்புக்கும் அதுதான், அதன் காய் ஆட்டுக்கு.

பேயை அடைக்கவும் அதுதான். என் மகனின் முதல் மனைவி கங்கம்மா, ஆந்திரப் பக்கத்துப் பெண், கிணற்றில் விழுந்து செத்தாள். அவன் இரண்டாவதாகக் கட்டிய சந்திரகலா மேல் வந்து இறங்கினாள். சித்திரை வெயிலில் உடம்பு நடுங்க, "குளிருது நைனா" என்பாள். சந்திரகலா என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் நைனா என்றவள் கங்கம்மா ஒருத்திதான். பூசாரி சந்திரகலாவின் உச்சிமுடியை வெட்டி, ஒரு வேலிகாத்தானில் வைத்து ஆணி அடித்தான். சேவலும் வாங்கிக்கொண்டு போனான். அவனை நான் நம்பவில்லை. ஆனால் நடுக்கம் நின்றது.

கரி சுட வந்த அரசப்பனிடம் அந்த ஒரு மரத்தை விட்டுவிடச் சொன்னேன். வெட்டினால் அடைத்தது திரும்ப வந்துவிடும்.

"ஆணி கீதா? கோடாலி வாய் பூடும். உட்டுடறேன் நைனா."

நான் ஊத்துக்கோட்டைச் சந்தைக்குப் போய் வருவதற்குள் அவன் ஆட்கள் அதையும் வெட்டிவிட்டார்கள். கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் சேறும் மூடி, மூட்டத்துக்கு நெருப்பும் வைத்தாகிவிட்டது.

"பிரிடா மூட்டத்த!"

"இன்னா நைனா, பேஜாரு பண்றே? இப்ப தொறந்தா காத்து பூந்து அல்லாம் சாம்பலாப் பூடும். வெந்து ஆறட்டும், ஆணிய நானே தேடித் தரேன். உன் பேய் கரிமூட்டையோட மெட்ராஸ் போயி இஸ்திரிப் பொட்டில குந்திக்கும், போ."

மூட்டம் புகைந்த நாளெல்லாம் மருமகளையே கவனித்தேன். சோறு வடித்தாள், மாடு கறந்தாள். ஒன்றும் தெரியவில்லை.

பிரித்த அன்று காலை எனக்குக் கூழ் கொண்டுவந்தாள். அரசப்பன் கரியைக் கிளறி ஆணியை எடுத்து என் கையில் போட்டான். முடி இல்லை.

"பாத்துக்கோ. வெந்துட்ச்சி."

சந்திரகலா சொம்பைக் கீழே வைத்தாள். சூடு ஆறாத கரிமேல் இரண்டு கையையும் நீட்டிக் காய்ந்தாள்.

"இப்ப குளிரல நைனா" என்றாள்.

அரசப்பன் சிரித்தான். "நான் கூப்புடறத கேட்டுகினு அதுவும் கூப்புடுது. இதுக்குப் போயி மொறைக்கிறியே!"

"சந்திரகலா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மற்றப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை.

ஆணியைக் கரியிலேயே எறிந்துவிட்டு நடந்தேன். பின்னால் ஒருத்தி வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அரசப்பன் சொன்னதை நான் நம்பவும் இல்லை.