அரக்கில் உறங்கிய பதக்கம்

மழை ஓய்ந்த பிற்பகலில், கூரை விளிம்புகளில் எஞ்சிய துளிகள் ஒவ்வொன்றாய்த் தயங்கி விழ, முகிலின் கிழிசல் வழியே நுழைந்த இளவெயில் ஈரக் கற்களின்மீது பொன்னைக் காய்ச்சி ஊற்றினாற்போல் படர, பொற்கொல்லர் தெருவின் இருமருங்கும் சிறு சுத்தியல்கள் தம்முள் ஏதோ பேசிக்கொள்வனபோல் ஒலித்துக்கொண்டிருந்தன. அத்தெருவின் முடிவில், ஆரவாரத்துக்குச் சற்றே முகந்திருப்பி நின்றது அணிகலக் கலைக்கென்றே அமைந்த நூலகம். மணிகளின் நீரோட்டமாகிய ஒளியைக் கூறும் நூல்களும், கம்பி இழுக்கும் முறை உரைக்கும் ஏடுகளும், கழுத்தணிகளின் வரைபடங்களும் அதன் பேழைகளை நிறைத்திருந்தன. இடுப்பிலே திறவுகோற்கொத்துக் குலுங்க நடமாடியதால் சாவியக்கா என்று பெயர்பெற்ற பருத்த அம்மையார் ஒருவர் அதன் வாயிலைக் காத்து வந்தார். புதிதாய் வருவோரிடம் அவர் தவறாது சொல்வதொன்று உண்டு.

"உள்ள பூரா தங்கத்தைப் பத்தின பேச்சுதான். குண்டுமணி தங்கம் கெடையாது. திருட வந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க, டீயாவது வாங்கித் தரேன்."

அன்று அவ்வாயிலில் வந்து நின்ற தையற்காரி அதற்குச் சிரிக்கவில்லை. அவள் தந்தை அத்தெருவில் வாழ்ந்து மறைந்த கொல்லர். பழைய அணியொன்றை உருக்குமுன், இளக்கிய அரக்கில் அதனை ஒருமுறை அழுத்தி அதன் வடிவைக் காத்து வைத்தல் அத்தெருவாரின் வழக்கம். பொன் நெருப்புக்கு, உருவம் கடவுளுக்கு என்பர். அவள் சிறு குழந்தையாய் இருக்கையிலேயே தாய் இறந்தாள். மனைவியின் பதக்கத்தைக் காணுந்தோறும் நெஞ்சு பொறாத தந்தை, அதனை அரக்கில் பதித்துவிட்டு உருக்கி, மகளுக்கென வளையல்களாய் அடித்து வைத்தார். அப்பொன் இன்றும் அவள் கைகளில் ஒலிக்கிறது. அவள் ஏங்கியதோ உருவத்துக்கு. தந்தைக்குப்பின் அவருடைய அரக்கு அச்சுகள் யாவும் இந்நூலகத்தை அடைந்தன என்று அண்மையில்தான் கேள்வியுற்றாள்.

நூலகக் காப்பாளர், மெலிந்தவர், மென்மையாய் நடப்பவர், அந்த அச்சுகளுள் பதக்கங்களுக்கு உரியவை மூன்றை மட்டும் எடுத்து, பஞ்சு விரித்த தட்டில் அவள்முன் வைத்தார்.

"எதுன்னு பாத்துச் சொல்லுங்கம்மா."

"பாத்தா தெரியாதுங்கய்யா," என்றாள் அவள். "பாத்த ஞாபகமே இல்ல. அம்மா மேல சாஞ்சு தூங்குவேன், அப்போ கன்னத்துல அழுந்தும். அது மட்டுந்தான் எங்கிட்ட இருக்கு. அவங்க மொகம்கூட இல்ல."

சொல்லிவிட்டு, விரல் நுனியால் ஓர் அச்சினைத் தொட்டவள், இருளில் படி தவறினவள்போல் திகைத்தாள்.

"இது குழியா இருக்கே?"

"அரக்குல எல்லாம் மாறித்தாம்மா இருக்கும். மேடெல்லாம் பள்ளமாயிடும்."

பள்ளம் கன்னத்தில் அழுந்துவது எங்ஙனம்? மெழுகை அந்த அச்சினுள் அழுத்தி எடுத்தாலன்றிப் பதக்கத்தின் மேடுகள் எழா. ஆனால் பழைய அரக்கு, உலர்ந்த இலைபோல் எளிதில் நொறுங்குவது. அதனுள் எதனையும் அழுத்தலாகாது என்பது நூலகத்தின் விதி. அவ்விதியை எழுதியவரே காப்பாளர். அவர் அவளை நோக்கினார், அச்சுகளை நோக்கினார், பின்னர், நூல்களைத் தைக்கும் இழைக்குப் பூசவென வைத்திருந்த தேன்மெழுகை எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் பிசையலானார். அவர் உதடுகள் ஓசையின்றி அசைந்தன. அரக்கு நொறுங்காதிருக்க வேண்டுமென்று இறைவனிடம் இரந்தார்போலும்.

"ஒடைஞ்சா நான் தும்மினேன்னு சொல்லிடலாம் தம்பி," என்றார் அவளோடு உள்ளே வந்திருந்த சாவியக்கா. "என் தும்மலைப் பத்தி எல்லாருக்கும் தெரியும்."

மூன்று அச்சுகளிலும் காப்பாளர் மெழுகை மெல்ல அழுத்தி எடுத்தார்; அரக்கு உடையவில்லை. முதல் மெழுகைக் கன்னத்தில் வைத்தவள் தலையை அசைத்தாள்: "ஓரம் குத்துது. அம்மா குத்த மாட்டாங்க." இரண்டாவதும் அன்று. மூன்றாவதில், சிறகு ஒடுக்கிய சிறு பறவையொன்றைச் சுற்றி அரிசிபோன்ற சிறு மணிகள் நிரையாய் அமைந்திருந்தன. அதனைக் கன்னத்தோடு சேர்த்துக் கண்மூடினாள்.

"இதுவா இருக்கலாம்," என்றாள் முடிவில், குரல் தேய. "ஆனா சில்லுனு இருக்கு. வெறும் மேசையில தலை வச்ச மாதிரி இருக்கு."

கற்றறிந்த காப்பாளரின் பேழைகளில் இருந்த எந்நூலும் அதற்கு வழி கூறவில்லை. சாவியக்காவோ திறவுகோற்கொத்தை அவிழ்த்து மேசைமீது வைத்தார். மெழுகுப் பறவையை வாங்கித் தம் மேலாடையின் கழுத்தோரத்தில், மார்பின்மேல் பதிய வைத்துக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்து கைகளை விரித்தார்.

"இங்க வாடா கண்ணு. இந்த ஒடம்பால படியேறத்தான் முடியல, சாஞ்சுக்க எடம் நெறைய இருக்கு."

நாணத்தாலும் ஏக்கத்தாலும் ஒருகணம் அலைப்புண்டவள், பின்னர்க் கரையைச் சேரும் அலைபோல் மெல்லச் சரிந்து அம்மார்பில் கன்னம் வைத்தாள். கீழே ஓர் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. மூச்சு ஏறி இறங்கியது. அவ்வேற்றத்தோடு பறவையும் எழுந்து அழுந்தியது. "இதுதான்," என்ற சொல் அழுகையோடு கலந்து வெளிப்பட்டது. காப்பாளர் சாளரத்தின்பால் திரும்பி, தெருவைப் பார்ப்பவர்போல் நின்றார்.

அவள் நிமிர்ந்தபோது, இருவர் உடற்சூட்டில் இளகிய மெழுகில் சிறகும் இல்லை, மணிகளும் இல்லை.

"இன்னொண்ணு எடுத்துத் தரட்டுமாம்மா?" என்றார் காப்பாளர்.

"வேணாங்கய்யா. அது எதுன்னு தெரிஞ்சுபோச்சு, போதும்." சற்றுத் தயங்கி, சாவியக்காவை நோக்கினாள். "எப்பவாச்சும் வரலாமாக்கா?"

"இது என்ன கேள்வி? தெறக்கறதும் நான்தான், பூட்டறதும் நான்தான்."

அவள் படியிறங்கித் தெருவில் கலந்தாள். சுத்தியல்களின் ஓசையில் அவள் வளையலோசை பிரித்தறிய இயலாததாயிற்று. படிப்போரே, மறைந்தோரை மீட்டுத் தரும் ஆற்றல் மாந்தர் எவர்க்கும் இல்லை; அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சற்றுநேரம் வந்து அமரும் ஆற்றலையோ, இறைவன், நாம் வேண்டாமலே, நம் எல்லார்க்கும் அளித்திருக்கிறான்.