சித்தப்பாவின் ஓனர் உரிமை

அப்பாவின் நம்பிக்கைக்கு அந்த வாரத்து விலை நானூறு ஜன்னல். புதிதாக எழும்பும் ஹோட்டலுக்குக் கண்ணாடி போடும் ஆர்டர் வந்தால் எங்கள் கண்ணாடிக் கடையின் மெயில் சர்வர் என் கையிலேயே இருக்கும். வராவிட்டால் அதை வெளிக் கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான், நான் கல்லாப்பெட்டி பக்கம் உட்கார்ந்து பில் போடலாம்.

அப்பா வீணாகக் கோபப்படவில்லை. பெரிய ஆர்டர்களெல்லாம் வரிசையாகக் கைநழுவின. நாங்கள் சாம்பிளோடு போய் இறங்கினால், எதிர்க்கடைக்காரர் முந்தின நாளே வந்து எங்கள் விலையைவிடக் கொஞ்சூண்டு குறைத்துச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். மோப்பம் பிடிக்கிற ஆள் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு மூக்கர் என்று பெயர்.

"உன் சர்வர்லதான் ஓட்டை" என்றார் அப்பா.

ஓட்டைதான். போட்டவர் அவருடைய தம்பி.

கடையின் பொதுக் காலண்டரில் யாருக்கு என்ன உரிமை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். லிங்க் வைத்திருக்கும் எவரும் எல்லா விவரமும் பார்க்கலாம் என்றிருந்தது. பட்டறைக்கு ஓடினேன். சித்தப்பா ஒரு கண்ணாடிப் பலகையை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆமா, நான்தான் அந்த லிங்கைத் திறந்து வர்ற பார்ட்டிக்கெல்லாம் அனுப்பினேன். கூட்டம் இருக்கிற கடையிலதான்மா விலை நிக்கும். ஈ ஓட்டுறவன் சொல்ற விலைய எவன் மதிப்பான்?"

"அதுக்காக யாரைப் பாக்கப் போறோம்னு சொல்லிட்டா போவாங்க? அதுக்குக் கீழேயே நம்ம கடைசி விலைய வேற எழுதி வெச்சிருக்கீங்க!"

"மறந்துடுது, அதான்."

"மூக்கரோட மச்சானும் நம்ம பார்ட்டிதானே சித்தப்பா?"

"அவன் நல்ல பையன்" என்றார். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

லிங்கை மூட எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் சித்தப்பாவுக்கு ஓனர் உரிமை இருந்தது. ஒரே டிக்கில் மறுபடி திறந்துவிடுவார். அவரைக் கேட்காமல் அந்த உரிமையைப் பிடுங்கினாலோ, பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்ட மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவார். ஆக, அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். கடைக்காரன் மகள் வேறு என்ன செய்வாள்? அடிமாட்டு விலையில் ஆரம்பித்தேன்.

"காலண்டரை நீங்க பாக்கலாம், தொடக்கூடாது. ஆர்டர் மெயில்பெட்டி உங்களுக்குக் கிடையாது."

"கம்ப்யூட்டரம்மா, கட்டுப்படியாகிற மாதிரி பேசு. ரெண்டும் எனக்கு முழுசா வேணும்."

"சரி, காலண்டர்ல எழுதலாம், திருத்தலாம். மத்தவங்களுக்கு உரிமை குடுக்கிறது மட்டும் முடியாது."

"மெயில்பெட்டி?"

"படிக்கலாம்."

"படிச்சிட்டுக் கண்ணுல ஒத்திக்கவா? பதில் போடணும்."

"கடை பேர்ல பதிலும் போட்டுக்குங்க. அவ்வளவுதான்."

"லிங்க் எடுத்துட்டா கடை காத்து வாங்குதுன்னு நினைப்பாங்களே!"

நான் திரும்பி நடந்தேன். வாடிக்கையாளர் வாசல்படி தாண்டினால்தான் விலை இறங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த வீடுதான்.

"ஏய், நில்லும்மா! லிங்க் மட்டும் இருக்கட்டும், மத்ததெல்லாம் நீ சொன்னபடி."

"இருக்கட்டும். ஆனா வெளியாளுக்கு பிஸின்னு ஒரு கட்டம் மட்டும் தெரியும். யாரு, எங்க, எவ்வளவு, ஒண்ணும் தெரியாது."

சித்தப்பா யோசித்தார். "நிறைய கட்டம் தெரியுமா?"

"நீங்க மத்தியானம் தூங்குறதை எழுதி வெச்சா அதுவும் பிஸிதான்."

"முடிச்சிடு" என்றார்.

ஹோட்டல்காரர்கள் கூப்பிட்ட நாளில் மூக்கரும் அங்கே உட்கார்ந்திருந்தார். வழக்கமாக வாசனைத் திரவியமும் சிரிப்புமாக இருப்பவர் அன்று போனையே தடவிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க எங்கள் பிஸி. அதில் பாதி சித்தப்பாவின் பல் டாக்டரும் குறட்டையும்.

ஹோட்டல் கட்டும் இஞ்சினியரம்மா முதலில் மூக்கரிடம்தான் விலை கேட்டார். இத்தனை நாள் எங்கள் விலையில் கொஞ்சம் கிள்ளியே பிழைத்தவர். சொந்தமாக விலை போட்டுப் பழக்கமே இல்லை. குத்துமதிப்பாக ஒரு தொகை சொன்னார்.

இஞ்சினியரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏங்க, நான் கேட்டது ஜன்னலுக்கு. ஹோட்டலையே விக்கிறீங்களா?"

அப்பா எங்கள் விலையைச் சொன்னார். ஒரு பைசா குறைக்காமல் ஆர்டரை வாங்கினார்.

திரும்பும்போது வண்டியில் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "அந்த வெளிக் கம்பெனிக்காரனுக்கு வர வேண்டாம்னு ஒரு மெயில் போட்டுடு."

"நீங்களே போடுங்கப்பா. உங்களுக்கு உரிமை இருக்கு."

அப்பா சிரித்தார். அவர் சிரித்தால் டிரைவர்கூடத் திரும்பிப் பார்ப்பார், பார்த்தார்.

கணக்கு இப்படி நிற்கிறது. ஆர்டர் அப்பா வரவில். சர்வர் என் வரவில், கேள்வி கேட்க ஆளில்லாமல். "லிங்க் என் ஐடியா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சித்தப்பா சொல்லிக்கொண்டு திரிகிறார்; புகழ் மொத்தமும் அவர் வரவிலேயே போகட்டும். மூக்கரின் மச்சானுக்கு நாள் தவறாமல் கட்டங்கள் போய்ச் சேர்கின்றன. எவருக்கும் பாக்கி இல்லை.