கடைசி மூன்று பேர்

இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அந்த மெஷின் இறங்கும். அப்படியிருக்க, அழுத்துகிறவளின் கை எப்படி அதற்குள் போயிற்று?

விடிகாலை ஐந்தரை மணி ஷிப்டில், எல்லாரும் 'பரீட்சை' என்று கூப்பிடுகிற பெண் பதினேழாம் மெஷின் முன்னால் நின்று இதையேதான் சோதித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் முப்பத்தொன்பது பவர் பிரஸ்கள் தடால் தடாலென்று இறங்கிக்கொண்டிருந்தன. காலடித் தரை பல்வலி போல விட்டுவிட்டு அதிர்ந்தது. இரவெல்லாம் குளிர்ந்துபோன இரும்புத் தகடுகளைப் பெண்கள் வெறும் விரல்களால் எடுத்தார்கள். அச்சில் தகட்டை வை, கைகளை வெளியே எடு, இரண்டு பொத்தான்களையும் அழுத்து, வளைந்த தகட்டை எடுத்துப் போடு. இப்படித்தான் கதவுக் கீல் பிறக்கிறது.

பொத்தான்களுக்கு நடுவே ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி. ஒரே கையால் இரண்டையும் எட்ட முடியாது. முழங்கையை ஊன்றிப் பார்த்தாள், எட்டவில்லை. ஒன்றை மட்டும் அழுத்தினாள், மெஷின் அசையவில்லை. அப்படியும் போன திங்கட்கிழமை இதே மெஷினில் அவளுடைய அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

"அண்ணே, மெஷின்ல ஏதாவது கோளாறா?" என்று அச்சு மாட்டுகிறவரைக் கேட்டாள்.

"மெஷின் சொன்ன பேச்சைக் கேக்கும்மா."

"அப்போ அக்கா கை எப்படி உள்ள போச்சு?"

அவர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "நீதான் படிச்சவ."

மனிதவளமும் நிறுவன மேம்பாடும் என்ற முதுகலைப் படிப்பில் அவள் இரண்டாம் வருடம். சனிக்கிழமை பிற்பகலும் ஞாயிறும் வகுப்பு. மற்ற நாட்களில் இதே கம்பெனியின் மனிதவள அலுவலகத்தில் பயிற்சி. கேண்டீனிலும் புத்தகமும் கையுமாக இருந்ததால் 'பரீட்சை' என்று பெயர் வைத்தவள் ரேடியோ, பதினெட்டாம் மெஷின்காரி. தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்பார்கள். அந்த ரேடியோவும் நாலு நாளாகப் பேட்டரி தீர்ந்ததுபோல் இருந்தாள். பரீட்சை பக்கத்தில் வந்தால் தகட்டை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

ஒன்பது மணிக்கு முதலாளி கூப்பிட்டார். மேசையில் விபத்து அறிக்கைப் படிவம்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. கவனக்குறைவுன்னு எழுது."

"இன்னும் முழுசா விசாரிக்கலை சார்."

"ரெண்டு கையும் வெளிய இருந்தாத்தான் ஓடுற மெஷின். அதுக்குள்ள கையை விட்டா கவனக்குறைவு இல்லாம வேற என்ன, வேண்டுதலா?" சிரித்தார். "திங்கட்கிழமை சாயங்காலம் என் மேசையில இருக்கணும். உன் ப்ராஜெக்ட்லயும் நான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் இருக்கட்டும்."

கவனக்குறைவு என்று எழுதினால் அக்காவுக்கு வேலை இல்லை. அது கம்பெனி விதி. அதைவிடப் பெரிய விஷயம், கை எப்படி உள்ளே போனது என்று தெரியாமலே பதினேழாம் மெஷினில் இன்னொருத்தி வந்து உட்காருவாள்.

அன்று மாலை அக்காவின் வேலை ஏப்ரனைத் துவைக்க எடுத்தாள். ரத்தம் காய்ந்து மொடமொடத்திருந்தது. பையில் ஏதோ கனத்தது. ஒரு கீல் ஆணி. ஒரு முனை சுத்தியலால் தட்டித் தட்டையாக்கப்பட்டிருந்தது.

கீலுக்கு ஆணி கோப்பது அடுத்த கூடத்தில். பிரஸ்ஸில் தகடு வளைக்கிறவளுக்கு ஆணியோடு என்ன வேலை?

வெள்ளிக்கிழமை விடிகாலை அந்த ஆணியோடு போனாள். வலது பொத்தானைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் உண்டு. பொத்தானை அழுத்திப் பிடித்து, வளையத்துக்கும் அதற்கும் நடுவிலிருந்த இடுக்கில் தட்டை முனையைச் செருகினாள். கையை எடுத்தாள். பொத்தான் எழவில்லை. இடது கையால் மற்றதைத் தொட்டாள். மெஷின் இறங்கியது.

அவளுடைய வலது கை சும்மா இருந்தது. அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அச்சுக்குள்ளேயும் இருக்கலாம்.

நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தொன்பது மெஷின்களிலும் இடது கைகள் மட்டும் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தன. வலது கைகள் தகட்டை வைத்து எடுத்துக்கொண்டிருந்தன. ஒன்றரை வருடமாக இதே கூடத்தின் வழியாகத்தான் அவள் அலுவலகத்துக்குப் போய்வருகிறாள்.

ஏன் என்பது பழைய பதிவேடுகளில் இருந்தது. இரண்டு கையால் அழுத்தினால் ஒரு கீலுக்கு ஆறு நொடி. ஒரு ஷிப்டுக்கு நாலாயிரத்துச் சொச்சம். மூன்று மாதத்துக்கு முன்புவரை எல்லாருக்கும் அதுதான். பிறகு திடீரென்று ஐயாயிரத்து அறுநூறு. கீலுக்கு நாலரை நொடி. ஏறத் தொடங்கிய வாரத்தின் தேதியை அவள் இரண்டு முறை பார்த்தாள். அந்த வாரம்தான் கூடத்து வாசலில் பலகை மாட்டினார்கள்.

அந்தப் பலகை அவளுடைய ப்ராஜெக்ட். ஒவ்வொரு வாரமும் நாற்பது பெயர்களை எண்ணிக்கைப்படி வரிசையாக எழுதுவது. முதல் மூன்று பேரைப் பாராட்டுவது. அதனால் ஊக்கம் கூடும். 'நல்ல யோசனை' என்று பேராசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அவள் மேலிருந்து எழுதியதை முதலாளி கீழிருந்து படித்தார். வாரம்தோறும் கடைசி மூன்று பேரைத் திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார். புதிதாக மூன்று பேரை எடுத்தார். யாரோ ஒருத்தி பயந்து ஆணியைச் செருகி மேலே போனாள். பக்கத்தில் இருந்தவள் கீழே வந்தாள்; அவளும் செருகினாள். ஒரு மாதத்தில் எல்லாரும் செருகிவிட்டார்கள். அப்போதும் கடைசியில் மூன்று பேர் இருந்தார்கள்.

வீட்டில் அக்கா கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் ரவிக்கைக் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பரீட்சை மாட்டிவிட்டாள்.

"ஆணியைப் பாத்துட்டேன்க்கா."

"பாத்துட்டியா. அப்பவும் கவனக்குறைவுன்னே எழுதிடு."

"ஏன்?"

"ஆணின்னு எழுதினா அத்தனை பேருக்கும் சீட்டுக் கிழியும். ஏன் செருகினாங்கன்னு எழுதணும்னா உன் பலகையை எழுதணும். ரெண்டு வருஷப் படிப்புடி."

"பலகைதான் காரணம்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"வாத்தியார் எழுதின தாளைக் காட்டினியே, அன்னைக்கு உன் மூஞ்சியைப் பாத்தேன். அந்த மூஞ்சிகிட்ட எப்படிடி சொல்றது?"

பரீட்சை அழுதாள். அவள் புத்தகங்களில் பாதிப் பக்கங்களின் ஓரத்தில் கறுப்பு ரேகை இருக்கும். வேலை முடிந்து வந்த அக்கா, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவளை ஒப்பிக்கச் சொன்னபோது பட்டது. எந்த விரல்களின் ரேகை என்று இப்போது நினைக்கப் பயமாக இருந்தது.

"அழுதா முளைக்குமா? மேல என்ன செய்றதுன்னு சொல்லு," என்றாள் அக்கா.

"எதுவும் செய்ய முடியாதுக்கா. எல்லாரும் வேகமா ஓடினாலும் கடைசி மூணு பேர் இருப்பாங்க. மெதுவா ஓடினாலும் இருப்பாங்க. ஒருத்தி மட்டும் ஆணியை எடுத்தா அவதான் கடைசி. அந்தப் பட்டியலோட வேலையே அதுதான்."

அக்கா யோசித்தாள். "எல்லாருக்கும் ஒரே எண்ணு வந்தா?"

பரீட்சை நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் ஒரு வகுப்பில்கூட யாரும் கேட்காத கேள்வி.

சனிக்கிழமை கேண்டீனில் எல்லாரும் இருக்கும்போது அவள் எழுந்து நின்றாள். "அந்தப் பலகை என் யோசனை. என்னாலதான் எங்க அக்கா..."

"தெரியும், உட்காரு," என்றாள் ரேடியோ. "உன்கிட்ட மூச்சுவிடக் கூடாதுன்னு உங்க அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. இல்லேன்னா நான் இத்தனை நாள் வாயை மூடுவேனா? நெஞ்சே அடைச்சுப்போச்சு."

யாரோ சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருத்தியின் தங்கைக்குப் போன வாரம்தான் கடைசி மூன்று பேரோடு வேலை போயிருந்தது. ஆணியை எடுத்துவிட்டு எல்லாரும் ஒரே எண் போடலாமா என்று பரீட்சை கேட்டதும், அந்த அக்காக்காரி அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். "எல்லாரும் ஒரே எண்ணுன்னு சொல்லிட்டு, பக்கத்துல இருக்கிறவ கமுக்கமா பத்து கூடப் போட்டுட்டா?"

"மெஷினுக்கு மெஷின் எண்ணுற மீட்டர் இருக்கு," என்றார் அச்சு மாட்டுகிறவர். "போறவ வர்றவ எல்லாரும் பாக்கலாம்."

"சரி, எந்த எண்ணு?" என்றாள் ரேடியோ. "இருக்கிறதுலயே மெதுவான கை யாருது? வெக்கப்படாம சொல்லுங்க."

மூலையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. சேர்ந்து ஆறே நாளான பெண். "ரெண்டு கையால அழுத்தினா எனக்கு நாலாயிரம் வரும்க்கா. அதுக்கு மேல வராது."

"அப்போ நம்ம எல்லாருக்கும் அதுக்கு மேல வராது," என்றாள் ரேடியோ.

கடைசியாகத் தலையாட்டியவள் அந்த அக்காக்காரி. அப்போதும் பரீட்சையைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஷிப்ட் முடியும்போது முதலாளி கூடத்துக்குள் வந்தார். மெஷின்கள் ஓய்ந்திருந்தன. ஒவ்வொரு மீட்டராகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். நாலாயிரம். நாலாயிரம். நாலாயிரம்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார்," என்றாள் ரேடியோ. "ரெண்டு கையாலயும் அழுத்தணும்னு விதி ஒட்டியிருக்கு. கீழ உங்க கையெழுத்துதான்."

"சனிக்கிழமை வரைக்கும் ஐயாயிரத்தி அறுநூறு வந்துச்சே!"

அச்சு மாட்டுகிறவர் ஒரு தட்டைக் கொண்டுவந்து கூடத்து மேசையில் கவிழ்த்தார். ஆணிகள் சலசலவென்று உருண்டன. "இது இருந்துச்சு சார்."

முதலாளியின் முகம் மாறியது. "முப்பத்தொன்பது பேரையும் வெளிய அனுப்ப எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கிறீங்க?"

"அனுப்புங்க சார். முதல்ல எந்த மூணு பேரு?" என்றாள் ரேடியோ.

அவர் பலகையை ஏறிட்டுப் பார்த்தார். "நாளைக்குப் பேசிக்கறேன்," என்று திரும்பினார். போகிற வழியில் பரீட்சையிடம் நின்றார். "உன் ப்ராஜெக்டை வேற எங்கயாவது கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக்கோ."

"சரி சார்."

நாளை என்ன நடக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பதினேழாம் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. பரீட்சை படிவத்தை எடுத்து மேசையில் விரித்தாள். அவர்கள் சுற்றி நின்றார்கள். தங்கைக்கு வேலை போன அக்காக்காரி ஆணிகளை ஒதுக்கித் தாளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தாள்.

காரணம் என்ற கட்டத்தில், 'வாரப் பட்டியல். அதை யோசித்தவள் நான்' என்று எழுதினாள். கடைசிக் கட்டம், மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யப்பட்டது என்று கேட்டது. அவள் எழுத எழுத ரேடியோ உரக்கப் படித்தாள்:

'எல்லா மெஷின்களிலிருந்தும் ஒரே நாளில் ஆணிகளை எடுத்துவிட்டோம். இரண்டு கையாலும் அழுத்துகிறோம். நாலாயிரம் ஆனதும் எல்லாரும் நிறுத்துகிறோம். எல்லாருக்கும் ஒரே எண் என்பதால் கடைசி மூன்று பேர் இல்லை.'