பழைய பேட்டரி

கடைக்காரன் நீட்டிய இரண்டு பேட்டரிகளையும் பெரியவர் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தார். நாற்பது வருடம் தராசு ரிப்பேர் செய்தவர். எதையும் ஒருமுறை சந்தேகப்படாமல் கையில் வாங்கமாட்டார்.

"பழைய சரக்கைத் தள்ளி விடுறியா தம்பி?"

"உங்ககிட்ட தள்ளிட முடியுமா ஐயா? வீட்ல அம்மா எப்படி இருக்காங்க?"

"அவளுக்கென்ன, வெறும் சளி. மிஷினுக்குத்தான் கோளாறு."

அளவு காட்டக் கொண்டுவந்த பழைய பேட்டரிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். தெருமுனைக் கடை பூட்டியிருந்ததால் இவ்வளவு தூரம் வரவேண்டியதாயிற்று. போக வர ஒரு மணி நேரம்.

மிஷின் என்றால் விரலைக் கவ்வுகிற சின்னக் கருவி. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண் காட்டும். பெருந்தொற்று சமயத்தில் வயதானவர்கள் இருந்த வீடுகளுக்கெல்லாம் சுகாதார நிலையத்தில் கொடுத்தார்கள். தினமும் பத்து மணிக்கு அங்கிருந்து ஒரு பெண் போன் செய்து எண்ணைக் கேட்பாள். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் வண்டி வரும். பிறகு அரசாங்கப் பணம் நின்றது. போனும் நின்றது. பதினோரு பேர் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு நர்ஸ்.

மனைவி மட்டும் விடவில்லை. பத்து மணியானால் விரலை நுழைப்பாள், காலண்டரில் அன்றைய கட்டத்தில் எண்ணை எழுதுவாள். எவன் கேட்கப்போகிறான் என்று இவர் நக்கலடிப்பார். கேட்டால் சொல்ல வேண்டாமா என்பாள்.

இன்று எண்பத்தாறு காட்டியது. பெரியவர் அதை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, பேட்டரி போச்சு என்று தீர்ப்புச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து புதியதைப் போட்டார். எண்பத்தொன்று. அவள் உதடு நீலம் பாரித்திருந்ததை அப்போதுதான் பார்த்தார். காலண்டர் ஓரத்தில் இருந்த சுகாதார நிலையத்து நம்பருக்குப் போன் போட்டார். உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல். மறுபடி போட்டார். அதே குரல். பக்கத்து வீட்டுக்காரர் கார் எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குள் கார் திரும்பியபோது அவள் தலை இவர் தோளில் கனத்தது. எடை பார்த்தே வாழ்ந்தவர், அந்தக் கனம் என்னவென்று அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் அடக்கம் முடிந்து வந்தபோது நர்ஸ் வாசலில் ஒரு படிவத்தோடு நின்றிருந்தாள். அம்மாவுக்கு வந்தது என்ன வைரஸ் என்று, சாவுக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த மகள் கேட்டாள். டெஸ்ட் சாமான் இப்போது வருவதில்லை, நிமோனியா என்றுதான் எழுத முடியும் என்றாள் நர்ஸ். இந்த மாதம் இது நாலாவது வீடாம்.

"முன்னெல்லாம் காய்ச்சல் வந்தப்பவே எங்களுக்குத் தெரிஞ்சிடும். இப்ப இழவு வீட்டுக்கு வந்துதான் கணக்கெடுக்கறேன்."

மகள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றைய கட்டத்தில் அம்மாவின் கோணல் எழுத்து: 86. அதன் கீழே, பேட்டரி.

"பேட்டரின்னா என்னப்பா?"

"நான் சொன்னேன். அவ எழுதிட்டா."

நர்ஸ் படிவத்தை மடித்தாள்.

"பேட்டரி தீர்ந்தா தப்பாவும் காட்டும் ஐயா. பத்து மணிக்கு நல்லாத்தான் இருந்திருப்பாங்க. நீங்க கடைக்குப் போன நேரத்துல இறங்கியிருக்கும்."

பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார். உண்மையாகவே சொல்கிறாளா, ஆறுதலுக்குச் சொல்கிறாளா என்று பிடிபடவில்லை. மிஷினைத் திருப்பித் தர வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வாங்கி வைக்க அங்கே ஆளில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸுக்கு மகள் கிளம்பினாள். என்னோடு வந்துவிடுங்கள் என்று இரண்டு முறை சொன்னாள். பார்க்கலாம் என்றார். அவள் போனபின் வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாள் அது சொட்டிக்கொண்டுதான் இருந்ததா என்று தெரியவில்லை.

பத்து மணி. ஆணியில் தொங்கிய சட்டையின் பையில் கைவிட்டுப் பழைய பேட்டரிகளை எடுத்தார். மிஷினிலிருந்து புதியதைக் கழற்றிவிட்டு அவற்றைப் போட்டார்.

தராசின் மேல் சந்தேகம் வந்தால் முதலில் எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். நாற்பது வருடமும் அதைத்தான் செய்தார். அன்றைக்கு ஒருநாள் செய்யவில்லை.

தன் விரலை நுழைத்தார்.

சிவப்பு எழுத்து துடித்து, நின்றது. தொண்ணூற்றேழு.

விரலை எடுத்தால் அணைந்துவிடும். அவர் எடுக்கவில்லை.