ஏழாம் அதிகாரத்துச் சாப்பாடு

யூஜினி என்னை ஆஸ்பத்திரி நடைபாதையில் மறித்தபோது என் சப்பாத்தில் ஒட்டியிருந்த பனிகூட உருகவில்லை. கொழும்பிலிருந்து காலையில் போன் வந்ததாம். அவளுடைய மகன் மரியோ யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற, கிளாலிக் கடலைக் கடக்க ஏறிய படகு கரை சேரவில்லை. உடலை எடுத்துவிட்டார்கள். கனடா விசா கொழும்பில் அவனுக்காகக் காத்துக் கிடந்தது.

"நாளைக்கு இவருக்கு நெஞ்சு ஒப்பரேசன். அது முடியுமட்டும் தெரியக்கூடாது. என்ர குரலை வைச்சே பிடிச்சிடுவார். நீங்கள் போய் அவரோட இருங்கோ அண்ணை. சீவியம் முழுக்கப் பொய் சொன்னனீங்கள், இன்னும் ஒரு பகல் சொன்னால் குறைஞ்சு போக மாட்டியள்."

அவள் சொன்னதில் அநியாயம் ஒன்றும் இல்லை. இங்கே கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்து லிஃப்ற்றில் ஒருமுறை ஒரு மூஸ் ஏறியது. குதிரையைவிட உயரமான காட்டு மான். கொம்பு இடித்ததால் பக்கவாட்டில் நின்றது. பதினோராம் மாடிக்குப் பொத்தானை அமர்த்திக் கொடுத்தவன் நான்தான். இதை ஒருவரும் நம்புவதில்லை. யூஜினியின் கணவர் கிறிஸ்துநாயகம் மாஸ்ரர் மட்டும் முழுவதும் கேட்டுவிட்டு, "மூஸ் ஏறினது சரி, அமிர்தம். இறங்கேக்கை உமக்கு நன்றி சொன்னதெண்டீர் பாரும், அதிலதான் கதை கெட்டுது" என்றார்.

மாஸ்ரர் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். பிணம் அறுக்கிற டாக்டரைப்போல, கை பதறாமல் நாவல்களுக்கு விமர்சனம் எழுதுவார். நீரிழிவு அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோன பிறகு வாசிப்பது நான், தீர்ப்புச் சொல்வது அவர், எழுதுவதும் நான். இங்குள்ள தமிழ் வாரப் பத்திரிகை ஒன்று விமர்சனம் கேட்டதற்காக, யாரும் யாரையும் அதட்டாத ஒரு தீவைப் பற்றிய பழைய ஆங்கில நாவல் ஒன்றை நூலகத்தில் எடுத்து, நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மாஸ்ரர் அதை மாணவனாக இருந்தபோது வாசித்தவர். மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

முதல் நாளே சண்டை. அப்படிப்பட்ட இடத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

"பொன்னுலகம் எண்டு போடுவம்."

"நகைக்கடைப் பேர்."

"கனவு தேசம்?"

"அது மேடையில கத்திறதுக்கு. வெறுமனே நாடு எண்டு போடும். மற்றதுகளுக்குத்தான் அடைமொழி தேவை."

அந்தத் தீவின் பாஷையில் பூட்டுக்குச் சொல் இல்லை. சென்றிக் காவலுக்கு இல்லை, அகதிக்கு இல்லை. ஆனால் சாவுக்கு இருந்தது. ஏழாம் அதிகாரம் முழுக்க அதைப் பற்றித்தான். சாவுச் செய்தி கொண்டு போகிறவன் வாசலில் நின்று அதைச் சொல்லக்கூடாது. உள்ளே போய் இருந்து, அந்த வீட்டார் தருவதைச் சாப்பிட்டு முடித்த பிறகே வாய் திறக்க வேண்டும். வீட்டாரும் கேட்கக்கூடாது. பரிமாற வேண்டும். அந்தச் சாப்பாட்டுக்கென்றே அவர்களிடம் ஒரு சொல் இருந்தது.

அன்று ஆஸ்பத்திரியில் நாங்கள் வந்து நின்றது சரியாக அந்த அதிகாரத்தில். நான் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தத் தீவில் ஒருவரும் சாவதில்லை. வலை வீசுவதில்லை. சமையல் நேரம் பார்த்து மீன்கள் தாமாகவே கரையேறி, வரிசையில் நின்று, சட்டிக்குள் குதிக்கும். செதில்கூடக் கழற்றிவிட்டுத்தான் வரும்.

மாஸ்ரர் சிரிக்கவில்லை.

"எழுதும்," என்றார். "இந்த அதிகாரம் மட்டும் வேற ஆரின்ரையோ கை."

எழுதினேன்.

"உது நாவல் எழுதின மனுசன்ர மீனில்லை. உம்மட மீன்."

"இல்லை மாஸ்ரர், அச்சில கிடக்கு."

"சாவை எடுத்துப்போட்டால் அந்தத் தீவு நிக்காது. அது அவருக்குத் தெரியும். உமக்கும் தெரியும்." போர்வையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "யூஜினி ஏன் காலமையிலயிருந்து உள்ளுக்கு வரேல்லை?"

"தடிமனும் இருமலும் மாஸ்ரர். உங்களுக்குத் தொத்திப்போடும் எண்டு பயப்பிடுறா."

மூஸ் கதைக்கு ஒரு நாளும் நடுங்காத என் குரல் அந்தத் தடிமனுக்கு நடுங்கியது.

அந்த நேரம் தாதி மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்து, சில்லு வைத்த மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மாஸ்ரர் தட்டைக் கையால் தடவிப் பார்த்தார். சூப், பாண் துண்டு, ஒரு கிண்ணம் ஜெலி. கரண்டியைத் தேடி எடுத்துத் தட்டில் நேராக வைத்தார். பிறகு மேசையை என் பக்கம் தள்ளினார். அது வந்து என் முழங்காலில் முட்டி நின்றது.

"சாப்பிடும்."

"எனக்குப் பசியில்லை. நீங்கள்..."

"பசியைப் பற்றி ஆர் கேட்டது? ஆறுதலாச் சாப்பிடும், அமிர்தம். நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

கரண்டியை எடுத்தேன். சூப்பில் உப்பில்லை. பாணைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து நனைத்து, பல்லில்லாதவனைப்போல மென்றேன். கதவுக்கு வெளியே யூஜினி இருமுவது கேட்டது. மாஸ்ரர் கைகளைப் போர்வைமேல் வைத்து, விருந்தாளியைக் கவனிக்கிறவரைப்போல முகத்தைக் கரண்டிச் சத்தத்தின் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

கடைசியில் சிவப்பு ஜெலி மட்டும் மிஞ்சியது. கரண்டி பட்டதும் அது நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் அடங்கட்டும் என்று, கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.