வராத புயலுக்கு வெட்டிய மரவள்ளி

வானொலியில் புயல் நிற்கும் கட்டத்தைச் சொன்னபோது லெய்மாஸ் அடுப்பில் வாழைக்காய் சுட்டுக்கொண்டிருந்தாள். எழுந்துபோய்ச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் அந்தக் கட்டத்தைத் தேடிப் புள்ளி வைத்தாள். நேற்றைய புள்ளியோடு சேர்த்துக் கோடிழுத்தால் அது நேராக அவர்கள் இருக்கும் எமாய் தீவில் வந்து முட்டியது. பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாழைக்காய் கருகும் வாசம்தான் வந்தது.

நவம்பரில் தொடங்கினால் ஏப்ரல்வரை இதே பாடுதான். போன மார்ச்சில், புயல் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று பக்கத்துத் தீவுக்குப் படகெடுத்த அவள் புருஷன் கல்சராப் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை. நூறாம் நாள் விருந்து போட்டு ஊர் சாப்பிட்டால்தான் செத்தவர் செத்தவராவார். உடம்பே இல்லாமல் என்ன விருந்து என்று லெய்மாஸ் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். பத்து மாதமாகிறது. விருந்து நடக்காதவரை அவன் செத்தவனில்லை, அவளுக்கு அது போதும். விருந்துவரை சவரம் செய்யக்கூடாது என்பதால் கொழுந்தன் மனாசேயின் தாடிதான் நெஞ்சைத் தொட்டுவிட்டது. அதில் கோழியை அடைக்கு வைக்கலாம் என்று கிணற்றடிப் பெண்கள் அவனை ஓட்டி எடுத்தார்கள்.

மனாசே கத்தியோடு வந்தான்.

"கோடு எங்க போகுது அண்ணி?"

"நம்ம தலைமேலதான்."

"அப்ப மரவள்ளிய வெட்டிரலாமா?"

பெருங்காற்று தண்டைப் பிடித்து உலுக்கினால் மண்ணுக்குள் கிழங்கு முறிந்து அழுகிவிடும். அதனால் தண்டை முன்கூட்டியே வெட்டிவிடுவார்கள். ஆனால் வெட்டிய செடியின் கிழங்கும் இரண்டு மூன்று வாரத்துக்குமேல் மண்ணில் தாங்காது. காற்று வராமல் போனால் என்ன செய்வதென்று எல்லோரும் பாதித் தோட்டத்தை விட்டுவைப்பார்கள்.

"பாதி போதும்ல?"

"எல்லாத்தையும் வெட்டு."

அவன் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டுக் குனிந்தான். அவளும் வெட்டினாள். மத்தியானத்துக்குள் தோட்டம் மொட்டையாகிவிட்டது.

மறுநாள் காலையில், புயல் கிழக்கே திரும்பிவிட்டதாக வானொலி சொன்னது. லேசாகத் தூறிவிட்டு வெயில் அடித்தது. பிள்ளைகள் கடலுக்கு ஓடினார்கள்.

பத்து நாள் கழித்து மனாசே ஒரு கிழங்கைத் தோண்டி முறித்துப் பார்த்தான். நல்ல வெள்ளையாக இருந்தது.

"இன்னும் ஒரு வாரம் தாங்கும். அதுக்குமேல ஆகாது."

"ஊருக்குக் குடுத்துரு."

"யாரு வாங்குவா? அவங்கவங்க வெட்டினதே வீட்டுல குவிஞ்சு கெடக்கு." தாடியைச் சொறிந்தான்.

"சொல்ல வந்தத சொல்லு."

"விருந்துன்னா வருவாங்க அண்ணி. மத்த தீவுலேர்ந்தும் வருவாங்க."

லெய்மாஸ் முறிந்த கிழங்கைக் கையில் வாங்கினாள். கல்சராப் கடலில் இருந்தபோது புயல் வழி தவறாமல் வந்தது. இப்போது, எல்லாவற்றையும் வெட்டிவைத்துக்கொண்டு இவள் காத்திருக்கும்போது, திரும்பிப் போய்விட்டது. அது வரவேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். கூரையையும் தோட்டத்தையும் தன்னையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. கோபப்படலாமா என்று பார்த்தாள். அதற்கும் தெம்பில்லை. கிழங்கு அழுகும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

"சனிக்கிழமை வெச்சுக்க," என்றாள். வேறு யாரோ சொன்னதுபோல அது அவள் காதில் விழுந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முள்தண்டில் கிழங்கைத் தேய்த்து மாவாக்கினார்கள். மாவைச் சுட்டெடுக்க அடுப்புக் குழியில் கற்கள் காய்ந்துகொண்டிருந்தன. யார் படகில் எத்தனை பேர் வந்தார்கள், யார் வெறுங்கையோடு வந்தார்கள் என்று பேச்சு ஓடியது, சிரிப்பும் வந்தது. லெய்மாஸ் தலை நிமிரவில்லை.

"ஐயோ அக்கா, கை!" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

விரல் முட்டிகளில் தோல் வழன்றிருந்தது. தொட்டியில் வெள்ளை மாவின்மேல் சிவப்பாகச் சொட்டியிருந்தது. எப்போது கிழிந்ததென்று அவளுக்குத் தெரியவில்லை.

"எந்திரிங்க, நான் பாத்துக்கறேன்."

"இன்னும் ரெண்டு கிழங்குதான்," என்று லெய்மாஸ் அடுத்ததை எடுத்தாள்.